ஊருக்கு எந்தச் சிகிச்சை? இயன்மருத்துவ உதவி குறித்து ஊர்ச்சங்கங்களின் சிந்தனைக்கு

மல்வேர்னிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் எம்மவர் மத்தியில் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் எத்தனை இயங்குகின்றன என்று எண்ணிச் சொல்வது எளிதன்று. பாடசாலைக்கு வகுப்பறை, கோயிலுக்குத் தேர், மைதானத்துக்கு மதில், மாணவருக்குத் துவிச்சக்கர வண்டி என்று இவை ஆண்டுதோறும் திரட்டி அனுப்பும் உதவி சிறிதன்று. அண்மைக் காலமாக இந்த வரிசையில் புதியதோர் எண்ணமும் பேசப்பட்டு வருகின்றது. ஊரில் ஓர் இயன்மருத்துவ நிலையம் அமைத்துக் கொடுப்போம் என்பதே அது. பிசியோதெரப்பி என்று இங்கே நாம் சொல்லும் சிகிச்சை ஊரிலுள்ள எமது உறவுகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று நினைப்பது நல்ல உள்ளங்களுக்கே உரிய பண்பு. அதனை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஆயினும், பணம் திரட்டத் தொடங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த இயன்மருத்துவம்? யாருக்கு? அது எங்கே வைத்து வழங்கப்படவேண்டும்? இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்பது எல்லாச் சங்கப் பொருளாளர்களுக்கும் தெரியும். ஆகவே ஒன்றைத் தெரிவு செய்வது என்றால் மற்றொன்றைக் கைவிடுவது என்றுதான் பொருள். அந்தத் தெரிவை எவ்வாறு செய்வது என்பது பற்றியே இக்கட்டுரையில் எமது கருத்தை வாசகர்முன் வைக்கின்றோம்.

முதலில், இயன்மருத்துவம் என்பது இயந்திரம் அன்று என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டும். எம்மவரிற் பலர் அச்சொல்லைக் கேட்டதும் மின்கம்பிகள் பூட்டிய பெட்டியையும், தோலின்மீது தடவும் ஒலியலைக் கருவியையும், ஓடும் பட்டியையும் மனக்கண்ணிற் காண்கின்றனர். நிதி சேர்ப்பதற்கும் அவை வசதியானவை. அவற்றை விலைகொடுத்து வாங்கலாம், கப்பலில் அனுப்பலாம், நாடாவெட்டித் திறந்து வைக்கலாம், அன்பளிப்புச் செய்தவரின் பெயரைப் பொறிக்கலாம். ஆனால் நோயாளிக்கு அவை எவ்வளவு பயன்படுகின்றன? பிரித்தானியாவின் தேசிய சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2016 நவம்பரில் வெளியிட்ட நாரிநோவுக்கான வழிகாட்டியில், ஒலியலைச் சிகிச்சையையும் மின்தூண்டற் சிகிச்சைகளையும் வழங்கவேண்டாம் என்றே கூறியது. அதே வழிகாட்டி உடற்பயிற்சியையும், நோயாளி தம்மைத் தாமே பேணக் கற்பித்தலையும் முன்னிறுத்தியது. இயன்மருத்துவரின் பிரதான கருவிகள் அவருடைய கையும், கண்ணும், கற்பிக்கும் ஆற்றலுமே.

ஆசிரியத் தொழிலில் இருந்த எமக்கு இது புதிய செய்தியன்று. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத கிராமத்துப் பாடசாலைக்கு நுணுக்குக்காட்டிகள் வந்திறங்கியதை நாம் கண்டிருக்கின்றோம். அவை கண்ணாடி அலுமாரியினுள் பூட்டப்பட்டு, மேலதிகாரிகள் வரும் நாளில் தூசு தட்டப்பட்டன. பிள்ளைகள் அவற்றை அலுமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்தனர்.

அடுத்து, தூரத்தைப் பற்றிச் சிந்திப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வட மாகாணத்தில் 10 இலட்சத்து 61 ஆயிரத்து 315 பேர் வாழ்ந்தனர். அவர்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தோர் 5 இலட்சத்து 83 ஆயிரத்து 882 பேர். முல்லைத்தீவு மாவட்டத்திலோ 92 ஆயிரத்து 238 பேர் மட்டுமே. ஆனால் நிலப்பரப்பை நோக்கினால் நிலைமை தலைகீழாகின்றது. யாழ்ப்பாண மாவட்டம் ஏறக்குறைய 1,025 சதுர கிலோமீற்றர். முல்லைத்தீவு மாவட்டம் ஏறக்குறைய 2,600 சதுர கிலோமீற்றர். ரொறன்ரோ மாநகரத்தின் பரப்பு 630 சதுர கிலோமீற்றர் அளவுதான் என்பதை நினைவிற் கொண்டால், நான்கு ரொறன்ரோவின் பரப்பில் தொண்ணூறாயிரம் பேர் சிதறி வாழ்ந்தனர் என்பது விளங்கும். யாழ்ப்பாண நகரத்துக்குப் பொருந்தும் ஒழுங்கு முத்தையன்கட்டுக்கோ கொக்கிளாய்க்கோ பொருந்தாது.

2024 மே மாதத்தில், நெதர்லாந்தின் நிதி ஒத்துழைப்புடன், மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கான சிறப்பு நிலையம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. வன்னி மக்களுக்கு இது பெரும் பேறு. ஆனால் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நகருக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கடலோரக் கிராமங்கள் அதற்கும் அப்பால். பாரிசவாதத்தால் ஒருபக்கம் விழுந்த ஒரு முதியவரை வாரம் இருமுறை அங்கு கொண்டுசெல்ல வேண்டுமாயின், முச்சக்கர வண்டிக்குக் கூலி வேண்டும். துணைக்கு ஒருவர் தம் நாட்கூலியை இழக்கவேண்டும். வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க வேறொருவர் வேண்டும். முதல் வாரம் போவார்கள். இரண்டாம் வாரமும் போவார்கள். மூன்றாம் வாரம் நின்றுவிடும். சிகிச்சை இலவசமாக இருந்தும் அதனை அடையும் வழி இலவசமாக இல்லை.

மல்வேர்ன் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1985இல் தொடங்கிய ஸ்காபுறோ இலகு தொடருந்து மல்வேர்ன் வரை நீட்டப்படும் என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டே எம்மவர் வாழ்ந்தனர். நீட்டப்படாமலே 2023 யூலையில் அது ஓய்ந்தது. முழங்கால் வலியோடு பனியில் பேரூந்துக்குக் காத்து நிற்கும் எமது மூத்தோருக்கு, சிகிச்சை நிலையம் இருப்பதும் அங்கே போய்ச் சேருவதும் இருவேறு விடயங்கள் என்பது நன்கு தெரியும்.

ஒன்ராறியோவின் அனுபவத்தில் எமக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2005 ஏப்பிரலில் ஓகிப் காப்புறுதி வழங்கிய இயன்மருத்துவம் சில பிரிவினருக்கென மட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் ஓகிப்பிடம் கட்டணம் பெறும் உரிமை ஏறக்குறைய 90 தனியார் நிலையங்களிடமே இருந்தது. அவை அதிகமாக நகரங்களைச் சார்ந்தே அமைந்திருந்தன. 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் அந்த முறை மாற்றப்பட்டது. மாகாணத்தின் பல பகுதிகளிலும் உள்ள நிலையங்களுக்கு, ஒரு நோயாளியின் ஒரு சிகிச்சைத் தொடருக்கு 312 டொலர் என்று தொகை நிர்ணயிக்கப்பட்டது. கிராமங்களுக்கும் சேவை பரவவேண்டும் என்பது அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. ஒவ்வொரு நோயாளிக்கும் கிடைக்கும் சிகிச்சை குறைந்துபோகும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். இரு தரப்பாரின் கூற்றிலும் நியாயம் இருந்தது. குறிப்பிட்ட தொகைக்குள் ஒரு தொடரை முடிக்கவேண்டும் என்றால், சில தடவைகளில் குணமாகும் நோயாளியே நிலையத்துக்கு ஏற்றவர். மாதக்கணக்கில் வரவேண்டியவர் சுமையாகின்றார். எதற்குப் பணம் கொடுக்கின்றோமோ அதுவே சேவையாக வந்து சேரும் என்பதே இதன் பாடம். அறைக்கும் இயந்திரத்துக்கும் பணம் கொடுத்தால் அறையும் இயந்திரமுமே ஊரில் மிஞ்சும்.

அவ்வாறாயின், தெரிவை எந்த அளவுகோலால் செய்வது? எமக்குத் தோன்றும் வழி மூன்று வினாக்களை அடுத்தடுத்துக் கேட்பது.

முதலாவது வினா: காலந்தாழ்த்தினால் மீட்க முடியாத இழப்பு எதில் ஏற்படும்? பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பொன்செற்றி என்ற வைத்தியர் வகுத்த முறைப்படி, பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி வாரத்துக்கொரு முறை மாவுக்கட்டு மாற்றி, பின்னர் நான்கு வயதளவும் இரவில் காலணிப் பட்டை அணிவித்தால், பெரும்பாலான பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடி விளையாடுவர். விட்டுவிட்டால் வாழ்நாள் முழுவதும் ஊனம். பாரிசவாதம் கண்டவரின் தோளும் கையும் முதல் வாரங்களில் முறையாகத் தாங்கி அசைக்கப்படாவிட்டால் இறுகி வலியெடுக்கும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் உண்டாகும். அந்தப் புண்ணே உயிரையும் குடிக்கும். இவையெல்லாம் காத்திருக்க முடியாதவை. பட்டியலில் இவற்றுக்கே முதலிடம்.

இரண்டாவது வினா: எதனை வீட்டாருக்குக் கற்பித்து விட்டுச் செல்லலாம்? படுக்கையில் திருப்புவது, எழுப்பி இருத்துவது, விழாமல் நடத்திச் செல்வது, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை உணவூட்டும்போது எப்படித் தாங்குவது என்பனவெல்லாம் ஒரு தாய்க்கோ மனைவிக்கோ கற்பிக்கக்கூடியவை. இயன்மருத்துவர் மாதம் ஓரிருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துத் திருத்தினால், எஞ்சிய நாட்களில் வீட்டாரே மருத்துவராவர். வயலில் குனிந்தும் கடற்கரையில் வலையிழுத்தும் நாரி நொந்தவர்களுக்கும், முழங்கால் தேய்ந்த முதியோருக்கும் பொதுமண்டபத்தில் பத்துப் பதினைந்து பேராகக் கூடிச் செய்யும் பயிற்சி வகுப்பே போதும். அதற்கு ஒரு பாயும் ஒரு கதிரையும் தவிர வேறு கருவி தேவையில்லை.

மூன்றாவது வினா: எது கிராமத்தில் செய்யவே முடியாதது? செயற்கைக் கால் அளவெடுத்துச் செய்வது, புதிதாக முள்ளந்தண்டு முறிந்தவருக்கு முதல் மாதங்களில் வழங்கும் தீவிர சிகிச்சை, சத்திரசிகிச்சைக்குப் பின்னான கைச் சிகிச்சை என்பன மாங்குளத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பதே முறை. கிராமத்துக்கு ஒன்றாக அவற்றை அமைக்க முயல்வது பணத்தையும் ஆளையும் வீணடிப்பதாகும். அவற்றுக்காகச் சங்கம் செய்யக்கூடியது, நோயாளியை அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான செலவை ஏற்பது.

கிராமத்து வாழ்க்கையை முதலில் பார்த்து, அதன்பின் சிகிச்சையைத் தீர்மானிப்பதற்குச் சிறந்த உதாரணம் ஜெய்ப்பூர்க் கால். இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968 அளவில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் சேர்ந்து அதனை உருவாக்கினர். அதற்கு முன்னிருந்த மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிவதற்கென அமைந்தது. அதனைப் பூட்டிக்கொண்டு சேற்று வயலில் இறங்க முடியாது, சம்மணமிட்டு இருக்க முடியாது, குந்தியிருக்க முடியாது. இறப்பரால் அமைந்த ஜெய்ப்பூர்க் கால் வெறுங்காலாகவே நடக்க இடந்தந்தது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் போர்க்காலம் முழுவதும் எமது மக்களுக்கு ஆற்றிய பணி, அந்தக் காலை அணிந்து நடப்போரின் நெஞ்சில் நிலைத்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். போரில் அவயவம் இழந்தோருக்கே முதலுரிமை. முழங்கால் வலிக்கும் நாரிப்பிடிப்புக்கும் செலவழிக்க இதுவா நேரம் என்று சிலர் கேட்பர். போரினாற் பாதிக்கப்பட்டோரின் உரிமை எல்லாவற்றிலும் முந்தியது என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1990களில் காலிழந்த இளைஞருக்கு இன்று ஐம்பது வயது. மூன்று தசாப்தங்களாக உடற்பாரத்தைத் தனித்துச் சுமந்த மற்றைய முழங்கால் இப்போது தேயத் தொடங்கியிருக்கின்றது. நாரி உளைகின்றது. நீரிழிவு வந்திருந்தால் எஞ்சிய பாதமும் ஆபத்தில் இருக்கின்றது. செயற்கைக் காலும் ஒருமுறை கொடுத்தால் முடிந்துவிடும் பொருளன்று. வளர்ந்தோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கு முன்னரோ அது மாற்றப்படவேண்டும். ஆகவே போரினாற் பாதிக்கப்பட்டோருக்கான சேவையும் முதியோருக்கான சேவையும் இன்று ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. வீடு தேடிச்செல்லும் இயன்மருத்துவர் ஒருவர் இருவரையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

இன்னொரு ஆட்சேபம்: இது அரசின் கடமையல்லவா? ஆம், அரசின் கடமையே. அதனாலேயே சங்கங்கள் அரச வைத்தியசாலைக்குப் போட்டியாகத் தனிநிலையம் அமைக்கலாகாது என்கின்றோம். இலங்கையில் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர்கள் தொகையிற் குறைந்தவர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையைச் சார்ந்த பயிற்சிப் பாடசாலையும், கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களுமே அவர்களை உருவாக்குவதில் முக்கிய இடம் வகிக்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டைவிட்டே சென்றுவிட்டனர். இந்நிலையில் டொலரிற் சம்பளம் கொடுத்து ஒருவரைத் தனிநிலையத்துக்கு இழுத்தால், பிரதேச வைத்தியசாலையில் ஓர் இடம் வெற்றிடமாகும். ஓர் ஊருக்கு விளக்கேற்ற இன்னோர் ஊரின் விளக்கை அணைத்ததாகவே அது முடியும்.

எனவே அரசு செய்யாது விடும் இடைவெளியையே சங்கம் நிரப்பவேண்டும். வைத்தியசாலையிலுள்ள இயன்மருத்துவர் கிராமங்களுக்குச் செல்ல, திணைக்களத்தின் சம்மதத்தோடு வாகனமும் எரிபொருளும் வழங்கலாம். ஊரிலே பிறந்த மாணவர் ஒருவர் இயன்மருத்துவம் கற்கப் புலமைப்பரிசில் கொடுக்கலாம். கிராமத்திலிருந்து வந்தவரே கிராமத்துக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். இங்கே மக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் தன் இயன்மருத்துவ மாணவர்களை ஒன்ராறியோவின் வடபகுதிக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றது. சக்கர நாற்காலி திருத்தக்கூடிய ஓர் இளைஞருக்குக் கருவிப்பெட்டியும் சிறு சம்பளமும் கொடுக்கலாம். சில்லுப் பழுதாகி மூலையிற் கிடக்கும் பழைய நாற்காலியைச் சீர்செய்வது புதிய நாற்காலி அனுப்புவதிலும் சிக்கனமானது.

கிராமத்தில் ஒருவருக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து உதவியாளராக்கும் முறையும் உண்டு. 1978ஆம் ஆண்டு அல்மா அட்டா மாநாட்டின் பின் உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த சமூகம் சார் புனர்வாழ்வு என்ற கோட்பாட்டின் அடிப்படை இதுவே. அரைகுறை வைத்தியம் பெருகிவிடும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானது. உதவியாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். தகுதிபெற்ற இயன்மருத்துவர் ஒருவர் அவரை மேற்பார்வை செய்யவேண்டும். அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் இம்முறையைத் தொடங்காதிருப்பதே மேல்.

ரொறன்ரோவில் தொழில்புரியும் எமது தமிழ் இயன்மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு. காணொளி வழியாக ஊரிலுள்ள இயன்மருத்துவருக்கு ஆலோசனை சொல்லலாம். எமது பேச்சு வழக்கில், படங்களுடன், பயிற்சிக் கையேடுகள் எழுதலாம். ஊரில் நேரே சிகிச்சை செய்வதாயின் இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். ஆகவே நோயாளியை நேரே கையாளுவதிலும் அங்குள்ளவரின் கையைப் பலப்படுத்துவதே பொருத்தமானது. அந்தக் கையேடு மல்வேர்னிலுள்ள முதியோருக்கும் பயன்படும். ஒன்ராறியோவில் 65 வயதும் அதற்கு மேற்பட்டோருக்கும், 19 வயதும் அதற்குக் குறைந்தோருக்கும், வைத்தியசாலையில் இரவு தங்கிச் சிகிச்சை பெற்று அண்மையில் வீடு திரும்பியோருக்கும், சமூக உதவிப்பணம் பெறுவோருக்கும், அரசோடு ஒப்பந்தமுள்ள நிலையங்களில் ஓகிப் மூலம் இயன்மருத்துவம் பெற வழியுண்டு. குடும்ப வைத்தியரிடம் கேட்டு அதனைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு எமது மூத்தோரை இச்சந்தர்ப்பத்தில் வேண்டுகின்றோம்.

இறுதியாக, தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி. பணம் அனுப்புபவர் தீர்மானிப்பது இலகு. ஆனால் படுக்கையில் இருப்பவருக்கே தமது தேவை தெரியும். வன்னியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் தாமே கூடி நடத்தும் அமைப்புகள் உண்டு. வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் எந்த வீட்டில் எந்தக் குழந்தை இன்னும் இருக்கவில்லை, எழுந்து நிற்கவில்லை என்பதை அறிவார். கிராம அலுவலரும், சுகாதார வைத்திய அதிகாரியும், பிரதேச வைத்தியசாலையின் இயன்மருத்துவரும் அங்கே இருக்கின்றனர். இவர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பெயர் குறிக்காத ஒரு பட்டியலைத் தயாரிப்பதற்குச் சில மாதங்கள் செல்லும். அந்த மாதங்களைச் செலவிடத் தயங்கவேண்டாம். எத்தனை பேர் படுக்கையில், எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் செயற்கைக் காலுடன், அவர்கள் எவ்வளவு தொலைவில் என்ற விபரம் கையில் இருந்தால், எந்தச் சேவை வேண்டும் என்பதில் பெரிய விவாதத்துக்கு இடமிராது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இயன்மருத்துவ நிலையம் என்ற பிரேரணை வரும்போது, கை உயர்த்துமுன் அந்தப் பட்டியல் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால், அதனைத் தயாரிப்பதற்கே முதற் பணத்தை ஒதுக்குமாறு பிரேரியுங்கள். மண்டபத்தில் கைதட்டல் குறையலாம். ஆனால் வருடம் ஒன்று கழிந்தபின், ஊரில் எத்தனை பேர் எழுந்து நடந்தனர் என்று உறுப்பினர் எவரேனும் கேட்டால், சங்கத்திடம் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும்.